மூன்று சாண் நிழல்

ஆரையூரைக் காந்தளர் குலம் பதினோரு தலைமுறை ஆண்டது. பன்னிரண்டாம் தலைமுறையில், மழை பொய்த்த மூன்றாம் ஆண்டில், ஒரு சித்திரை உச்சிப்பொழுதில், உப்புத் தெருவில் வைத்து அந்தக் குலம் கவிழ்ந்தது. அதைக் கவிழ்த்தது படையும் அல்ல, பஞ்சமும் அல்ல, மூன்று சாண் தூரம். மறுநாள் காந்தளரின் வெண்கொற்றக் குடையை நாற்சந்தியில் போட்டு எரித்தார்கள். காம்பு எரிந்தது, வெண்துகில் எரிந்தது, மூங்கில் விலாக்கள் ஒவ்வொன்றாய்ச் சடசடத்து வெடித்து எரிந்தன, சாம்பலை ஆற்று மணலில் தூவியும் ஆயிற்று, ஆனால் குடை போட்ட நிழல் மட்டும் உப்புத் தெருவில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதை எரிக்க யாருக்கும் வழி தெரியவில்லை.

முதற் காந்தளன் ஓர் ஆட்டிடையன் என்றும், தாகத்தில் சுருண்டு கிடந்தவர்களுக்குத் தன் மேலாடையை நாலு கழிகளில் கட்டி நிழல் கொடுத்ததால் ஊரார் அவனை அரசனாக்கினார்கள் என்றும் சொல்வார்கள். குடிகளைச் சுடும் வெயில் முதலில் என் தலையில் படட்டும் என்றானாம் அவன். ஆனால் சொல்லும் ஒரு சுமைதானே, தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமக்கும்போது எங்கோ ஓரிடத்தில் அது தலைகீழாகி, ஆறாம் காந்தளன் காலத்தில் அரண்மனை வாயிற்கல்லில் வெட்டப்பட்டபோது இப்படி ஆகியிருந்தது: ஊர் பார்க்க அரசன் தலையில் வெயில் பட்டால் அவன் அரசன் அல்லன். அன்றுமுதல் அரசர்கள் குடைக்குள்ளேயே நடந்தார்கள், குடைக்குள்ளேயே போருக்குப் போனார்கள், குடைக்குள்ளேயே வழக்குக் கேட்டார்கள், தலைமுறைக்குத் தலைமுறை வெளுத்து வெளுத்து, கடைசிக் காந்தளன் முளைத்த பனங்கொட்டைக்குள் இருக்கும் வெள்ளைப் பருப்பான பூரான் நிறத்துக்கு வந்திருந்தான்.

அந்தக் கடைசிக் குடையை இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தவன் அந்துவன். அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. அரசனுக்கு ஒரு முழம் பின்னால், அரசன் கால் வைத்த இடத்தில் தன் கால் வைத்து நடப்பான். அதனால் அரசனின் முகத்தை அவன் சரியாகப் பார்த்ததே இல்லை, ஆனால் பிடரி அவனுக்கு அத்துப்படி. இடது காதுக்குக் கீழே எள்ளளவு மச்சம், அதற்குக் கீழே அம்மை ஆறிய குழி, சினம் வந்தால் சிவக்கும் ஒரு மடிப்பு. உலகத்திலேயே தனக்கு மிக நெருக்கமான மனிதனுக்கு முகம் இல்லை என்று அந்துவன் சில சமயம் நினைத்துக்கொள்வான். இப்படி எதையாவது நினைத்துக் குமைவது அவன் வழக்கம். கை ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும்போது மனம்தானே நடக்க வேண்டும்.

அன்று அரசன் மழை வேண்டிக் கொற்றவை கோயிலுக்கு நடந்து போனான். உப்புத் தெருவின் இரு பக்கமும் சனம். சேந்தி என்ற உப்பள வேலைக்காரி, பிறந்து நாலு மாதமான பெண் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றவள், அரசன் கடந்த அந்தக் கணத்தில் கண் செருகிக் கீழே சரிந்தாள். அந்துவனின் கை சாய்ந்தது. இடப்பக்கம் மூன்று சாண் சாய்ந்தது. தாயின் மேலும் பிள்ளையின் மேலும் நிழல் விழுந்தது, காந்தளனின் வெளுத்த உச்சந்தலையில் வெயில் விழுந்தது.

ஒரு காகம் கத்தியது. பிறகு படைத்தலைவன் ஏனாதி பூழனின் குரல் கேட்டது.

"வெயில் பட்டது! எல்லாரும் பார்த்தீர்களா?"

எல்லாரும் பார்த்திருந்தார்கள். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வாளும் உறையைவிட்டு வரவில்லை. அரசன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றான். இரண்டு வீரர்கள் அவனை, சந்தையில் வழி தவறிய கிழவனை அழைத்துப் போவதுபோல, மணிக்கட்டைப் பிடித்து வடக்கு வாயிலுக்கு அழைத்துப் போனார்கள். மறுபடி ஊருக்குள் கண்டால் தலை இருக்காது என்று சொல்லி வெளியே விட்டார்கள். பதினோரு தலைமுறையும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிந்தது. அந்துவன் அப்போதும் குடையைச் சாய்த்தபடியேதான் நின்றான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குடையை வாங்கினார்கள்.

நிழல் நின்றது. ஐந்து சாண் குடையின் நிழல் பதினெட்டுச் சாண் குறுக்களவுக்கு விரிந்திருந்தது, நல்ல வட்டம். காலையிலும் அங்கேயே, மாலையிலும் அங்கேயே, சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு அக்கறையில்லை. முதல் நாள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் ஒரு செவலை நாய் உள்ளே போய்ப் படுத்து நாக்கைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும் கொற்றியின் வண்டிமாடு போயிற்று, மாட்டை இழுக்கப் போன கொற்றியும் போனாள். போனவள் மாட்டை இழுக்கவில்லை.

கொற்றி உப்பு வணிகம் செய்கிற உமணத்தி. ஏழு வண்டிகளுக்கு உடையவள். தெருமுனையில் பேசினால் உப்பளத்தில் கேட்கும். "அடியே, ஊத்துத் தண்ணி மாதிரி குளிருதுடி! சேந்தியைத் தூக்கிட்டு வாங்க, பச்சப்பிள்ளையை இதுலேயே போடுங்க!" என்றாள். சேந்தியும் பிள்ளையும் ஒன்பது நாள் அதற்குள்ளேயே கிடந்து பிழைத்தார்கள். வற்றியிருந்த மார்பில் ஐந்தாம் நாள் பால் சுரந்தது.

பிறகு நிழலுக்கு முறைகள் வந்தன. யார் வகுத்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் கொற்றியைக் கைகாட்டுவார்கள், கொற்றி எல்லாரையும் கைகாட்டுவாள். ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குமேல் யாரும் நிற்கக்கூடாது. பிள்ளையுண்டானவளுக்கு இரண்டு வெற்றிலை. நோயாளிக்குக் கணக்கில்லை. உள்ளே நின்று சண்டை போடக்கூடாது, போட வேண்டுமானால் வெளியே வந்து வெயிலில் போடவேண்டும். இதனாலேயே பல சண்டைகள் பாதியில் நின்றன. உள்ளே வைத்து உப்பு விற்கக்கூடாது, குளிர்ச்சியில் ஈரம் ஏறி உப்பு எடை கூடுகிறது. ஆறே நாளில் இதையெல்லாம் தெரு நூறு வருடப் பழக்கம்போலப் பேச ஆரம்பித்தது.

குறை சொன்னவள் ஒருத்திதான். கருவாட்டுக்காரி வெளிச்சி. நிழல் விழுந்த இடம் அவள் பதினாறு வருடம் கருவாடு காயவைத்த இடம்.

"ஊருக்கெல்லாம் குளிருது, என் நெத்திலி நாறுது. இதுக்கு எந்த ராசாகிட்ட போய்ச் சொல்ல?"

"என் வாசல்ல போட்டுக்கோடி," என்றாள் கொற்றி.

"உன் வாசல்ல பூனை இருக்கு."

"பூனைக்கும் பசிக்கும்லா?"

கடைசியில் பூனையை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள், அது வெளிச்சியைவிட முன்னதாகத் திரும்பி வந்தது. ஒருநாள் கோயிலிலிருந்து ஒருவர் சந்தனமும் ஒரு கல்லும் கொண்டுவந்து நிழலின் நடுவில் நட்டுவைக்கப் பார்த்தார். "சாமி, கல்லு வச்சா ரெண்டு பேரு நிக்கிற இடம் போயிடும். கும்பிடணும்னா நின்னுக்கிட்டே கும்பிடுங்க, அதுக்கும் ஒரு வெற்றிலைதான்," என்று கொற்றி அவரை வரிசையில் நிறுத்தினாள். அவரும் நின்றார். கல்லைத் திரும்பக் கொண்டுபோக மறந்துவிட்டார்.

எல்லாரும் அந்துவனை வாழ்த்தினார்கள். அவன் வீட்டு வாசலில் காலையில் வெள்ளரிப்பிஞ்சு இருக்கும், ஒரு மரக்கால் உப்பு இருக்கும், ஒருமுறை கட்டிப்போட்ட சேவல் இருந்தது. "கொடுத்து வச்ச கைய்யா உன் கை," என்று உப்பளத்துப் பெண்கள் அவன் வலதுகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். எந்தப் பொருளையும் அவனால் நிம்மதியாக உள்ளே எடுத்துவைக்க முடியவில்லை. ஏனென்றால் யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும்.

குடை சாய்ந்ததற்கு இரண்டு நாள் முன்னால், யானைக் கொட்டிலுக்குப் பின்புறம், ஏனாதி பூழன் அவன் அருகில் வந்து நின்று, யானையைப் பார்த்தபடியே பேசினான். "ஒரு சாண் போதும் அந்துவா. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சாண் விலகட்டும். மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இவன் களஞ்சியத்தைத் திறக்கமாட்டான். இரத்தம் சிந்தாமல் முடியவேண்டும் என்று பார்க்கிறேன்." அவன் சொன்னதில் பொய் இல்லை. அரசன் களஞ்சியத்தைத் திறக்கவில்லைதான். பூழன் அரசனான மூன்றாம் நாளே திறந்துவிட்டான்தான். ஆனால் அன்று அந்துவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "கை வலிக்கிறது ஐயா," என்று மட்டும் சொன்னான். பூழன் சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

அப்படியானால் சாய்த்தது யாருக்காக? சரிந்த பெண்ணைப் பார்த்த இரக்கமா, அல்லது இரண்டு நாளாக உள்ளே காத்திருந்த துரோகம் நல்ல சாக்கு கிடைத்ததும் எழுந்து வந்ததா? நினைவைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தான். முதலில் பெண் விழுந்தாளா, முதலில் கை அசைந்ததா? சில நாள் பெண் முதலில் விழுந்தாள். சில நாள் கை முதலில் அசைந்தது. கேட்கக் கேட்க நினைவு, அதிகாரியின் முன் நிற்கும் ஏழையைப்போல, கேட்பவன் விரும்பியதைச் சொல்ல ஆரம்பித்தது.

இதற்கிடையில் புதிய அரசன் பூழன் புதிய குடை செய்தான். பழையதைவிட ஒன்றரை மடங்கு பெரியது, விளிம்பெல்லாம் முத்து. அவனும் குடைக்குள்தான் நடந்தான். வாயிற்கல்லை அகற்றினால் தான் வந்த வழியும் செல்லாமல் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் குடை எவ்வளவு பெரிதானாலும் ஊரில் "அரசன் நிழல்" என்றால் உப்புத் தெரு நிழல்தான். "அரசன் நிழலுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் அரண்மனைக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள். பூழன் ஆள் அனுப்பினான். நிழல் விழுந்த மண்ணை இடுப்பாழம் தோண்டினார்கள், நிழல் குழிக்குள் இறங்கிப் படுத்தது. மண்ணை மூடினார்கள், மேலே வந்தது. பந்தம் கொளுத்திச் சுற்றி நட்டார்கள், பந்தத்தின் வெளிச்சத்தில் விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

பிறகு அந்துவனை அழைத்தான்.

"நீ என் ஆள்," என்றான் பூழன். அவன் கெட்டவன் அல்ல, ஆனால் உறக்கமில்லாத கண்கள். "எனக்காகத்தான் சாய்த்தாய். அதை ஊர் நடுவில் சொல்லவேண்டும். சொன்னால் அந்த நிழல் என் வெற்றியின் நிழல். சுற்றிக் கல்மதில் எழுப்பி, அரச உடைமையாக்கி, திருநாளில் நான் போய் நிற்பேன். உனக்கு ஒரு குறையும் வராது."

"ஐயா, அதற்குள் சனம் நிற்கிறதே."

"சனத்துக்குக் களஞ்சியத்தைத் திறந்திருக்கிறேன். ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில் வருவேன். யாருக்காகச் சாய்த்தாய் என்று கேட்பேன். ஒரு பெண்பிள்ளை மயங்கி விழுந்ததால் என் அரசு வந்தது என்று நீ சொன்னால்," அவன் அந்துவனின் வலதுகையைப் பார்த்தான், "அந்தக் கையை ஊர் பார்க்க வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இராது."

அன்று மாலையே உப்புத் தெருவில் கல் வந்து இறங்கியது. செய்தியும் கூடவே வந்தது. கொற்றிதான் அவனைத் தேடி வந்தாள்.

"அண்ணே, என்னத்தையாவது சொல்லிட்டுக் கையோட வீடு வந்து சேரும். நிழல் போனாப் போகுது. எங்க அப்பன் பாட்டனெல்லாம் வெயில்லதானே நின்னாங்க? நாங்க கருத்துத்தான் கிடக்கோம், இன்னும் கருக்க என்ன இருக்கு?"

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்பவனிடம் மறைக்கலாம், கொடுப்பவளிடம் எப்படி மறைப்பது?

ஆறாம் நாள் காலை, கொற்றி உப்புமூட்டை அடுக்கும் கிட்டங்கி வழியாகப் போகும்போது, ஓர் உப்புமூட்டைக்குக் கீழே நடந்துபோன சுமையாளின் பிடரியைக் கண்டு அந்துவன் நின்றான். தோல் மூன்று முறை உரிந்து, கருத்து, மறுபடி உரிந்த பிடரி. இடது காதுக்குக் கீழே எள்ளளவு மச்சம், அதற்குக் கீழே அம்மைக் குழி. அவன் கைகள் தாமாகக் குவிந்தன.

"கையை இறக்கு," என்றான் சுமையாள், மூட்டையை இறக்கிக்கொண்டே. "கொற்றி பார்த்தால் ரெண்டு பேருக்கும் கூழ் கிடையாது."

"அரசே..."

"வெளுப்பன். இங்கே அதுதான் பேர். வந்த அன்றைக்கு வெளுப்பாக இருந்தேன். இப்போது பொருத்தமில்லை, ஆனால் மாற்றமாட்டேன் என்கிறாள்." அவன் நிமிர்ந்து அந்துவனை உற்றுப் பார்த்தான். முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீதானா அது? உன் மூச்சுச் சத்தத்தை வைத்துப் பெரிய தொந்திக்காரனாக இருப்பாய் என்றல்லவா நினைத்திருந்தேன்."

அந்துவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டான். யானைக் கொட்டில், ஒரு சாண், கை வலிக்கிறது என்றது, எல்லாவற்றையும் அந்த மனிதனிடம்தான் சொல்ல முடிந்தது. காந்தளன் உப்புத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்தான்.

"அந்த ஏனாதி உன்னிடம் பேசியது எனக்குத் தெரியாது," என்றான். "ஆனால் உன் கை நடுங்குவது ஒரு மாதமாகத் தெரியும். நிழலின் விளிம்பு என் காலடியில் துடித்துக்கொண்டே இருக்கும். வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்று நினைப்பேன், பிறகு மறந்துவிடுவேன். நான் எல்லாவற்றையும் அப்படித்தான் மறந்தேன், களஞ்சியத்தையும் சேர்த்து. அன்றைக்கு நிழல் நகர்ந்தது. இடப்பக்கம் ஓரடி எடுத்து வைத்திருந்தால் போதும், நானும் அதற்குள் இருந்திருப்பேன்."

அந்துவன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாள் உருட்டி உருட்டிப் பார்த்தும் அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஏன் வைக்கவில்லை?"

"அந்தப் பிள்ளை நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தது. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு தலை சுட்டது. அடடா, இதைத்தான் இவர்கள் வெயில் வெயில் என்று முறையிட்டார்களா என்று தோன்றியது. நாற்பத்தேழு வருடம் வழக்குக் கேட்டிருக்கிறேன் அந்துவா, ஒன்றும் விளங்கியதில்லை. அந்த ஒரு கணத்தில் விளங்கியது. உனக்கு நான் ஒரு நன்றி சொல்லவேண்டும், ஆனால் இந்த மூட்டையை..." அதற்குள் கொற்றியின் குரல் வந்துவிட்டது.

"வெளுப்பா! பேச்சு எப்ப முடியும், வண்டி எப்ப கிளம்பும்?"

"வந்துட்டேன் தாயி!" என்று காந்தளர் குலத்துப் பன்னிரண்டாம் அரசன் மூட்டையைத் தூக்கினான்.

அவன் யாரென்று தெரு முழுவதற்கும் தெரியும் என்பது அந்துவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. வடக்கு வாயிலுக்கு வெளியே, உடைமரத்துக்கு அடியில் கொப்புளத்தோடு கிடந்தவனைக் கொற்றி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. நிழலிலும் அவன் எல்லாரையும்போல வரிசையில் நின்றான், வெற்றிலை மென்று முடித்ததும் வெளியே வந்தான்.

ஒன்பதாம் நாள் காலை அந்துவன் தன் மனைவி செள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னான். இருபத்தொன்பது வருடமாக அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். தேய்ப்பதை நிறுத்தாமல் காதுகொடுத்தாள்.

"இரக்கமாம், துரோகமாம். பெரிய பெரிய பேரா வைக்கேரு. இந்தத் தோள்மூட்டு சித்திரை பிறக்கதுக்கு முன்னமே கழண்டுபோச்சு. நான் சொன்னேனா இல்லையா? கல்லைத் தூக்கிப் பிடிச்சிருந்தாலும் விழுந்துதான் இருக்கும்."

"அப்ப வெறும் அசதின்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அசதியா இருந்தவன் கை வலப்பக்கமும் சாஞ்சிருக்கலாம்லா? அங்க ஒருத்தியும் விழுந்து கிடக்கல." அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். ஆனால் கையை மட்டும் கொஞ்சநேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் பூழன் வந்தான். முத்துக்குடை தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. பிடித்தவன் புதியவன், கட்டுடல்காரன். தெருவின் ஒரு பக்கம் கற்குவியல், மறுபக்கம் சனம், நடுவில் நிழல், நிழலுக்குள் சேந்தியும் பிள்ளையும் ஓர் ஊமைக் கிழவனும் வெளிச்சியும் இன்னும் இருபதுபேரும். அரசன் வந்தால் எழுந்து ஓடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவர்கள் வெற்றிலை இன்னும் முடியவில்லை.

"அந்துவா," என்றான் பூழன், எல்லாரும் கேட்க. "யாருக்காகச் சாய்த்தாய்?"

அந்துவன் வாயைத் திறந்தான். ஒரு சொல் சொன்னால் நிழல் போகும், மறு சொல் சொன்னால் கை போகும், இரண்டில் எது உண்மை என்று தெரிந்திருந்தாலாவது அதைச் சொல்லிவிட்டு வருவதை ஏற்றுக்கொள்ளலாம்.

"நான் சொல்கிறேன்," என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. தோளில் மூட்டையோடு காந்தளன் முன்னே வந்தான். "அவனைக் கேட்காதே. அன்றைக்கு ஓரடி..."

"வெளுப்பா!" கொற்றி அவன் இடுப்புத்துணியைப் பிடித்து இழுத்தாள். "வெயில் மண்டையில ஏறிப்போச்சுங்க ராசா, நேத்துல இருந்து இப்படித்தான் உளறுது. எடுடா மூட்டையை!" வெளிச்சி நிழலுக்குள்ளிருந்தபடியே கத்தினாள். "என் கருவாட்டை மிதிச்சுட்டான் பாரு, குருட்டுப்பய!" நாலுபேர் சேர்ந்து அவனைத் திட்டினார்கள், இரண்டுபேர் சிரித்தார்கள், ஒருவன் அவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றினான். மூட்டைக்கு அடியில் அவன் முகம் மறைந்தது.

பூழன் பார்த்துக்கொண்டே இருந்தான். பதினெட்டு வருடம் அந்த முகத்துக்கு முன்னால் நின்று ஆணை கேட்டவன். தோல் கருத்தால் முகம் மாறிவிடுமா? அவன் வலதுகை வாள்பிடிக்குப் போயிற்று. அந்துவனுக்குத் தெருவே ஒரு மயிரிழையில் தொங்குவதுபோல இருந்தது. பிறகு, ஏனோ, அந்தக் கை திரும்பி வந்தது. பூழன் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் அந்துவன் அதைப் பார்த்தான். பூழனின் காலடியில் குடைநிழலின் விளிம்பு துடித்தது. புதியவனின் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது, உதடு வெளுத்திருந்தது. அத்தனை முத்து. அந்தத் துடிப்பு என்னவென்று அந்தத் தெருவில் அறிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவன் மூட்டைக்கு அடியில் இருந்தான். இன்னும் சில மூச்சு பேசாமல் நின்றால் போதும். வெயில் பூழனின் தலையில் விழும். கேள்வி கேட்க அரசன் இருக்கமாட்டான்.

"ஐயா," என்றான் அந்துவன். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "உங்கள் ஆளுக்குக் கை தளர்ந்துவிட்டது. விழப்போகிறது. இரண்டடி முன்னால் வந்து இந்த நிழலில் நில்லுங்கள், அவன் குடையை இறக்கிக்கொள்ளட்டும்."

பூழன் அண்ணாந்து பார்த்தான். குடை ஆடியது. அவன் நிறம் மாறியது. அதற்குள் நிழலில் நின்றவர்கள், சொல்லாமலே, வயிற்றை எக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். வெளிச்சி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பூழன் இரண்டடி வைத்து உள்ளே வந்தான். பின்னால் முத்துக்குடை தொப்பென்று சாய்ந்தது, பிடித்தவன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான், யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

உள்ளே குளிர்ந்தது. பூழன் ஊமைக் கிழவனுக்கும் சேந்திக்கும் நடுவில், தோளோடு தோள் இடிக்க நின்றான். உறக்கமில்லாத அந்தக் கண்கள் மெல்ல இறங்கின. சேந்தியின் பிள்ளை அவன் மார்பு ஆரத்தைப் பிடித்து வாயில் வைத்தது, அவன் எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, அந்துவனுக்கு மட்டும் கேட்கும்படி, அரசனாக இல்லாமல் கேட்டான்.

"எனக்காகத்தானே சாய்த்தாய்?"

அந்துவன் அவனைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், நெத்திலிக் கூடையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியவில்லை ஐயா," என்றான். "அன்றைக்கு என் கைக்குள் என்ன இருந்தது என்று நான் செத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இப்போது இதற்குள்ளே நிற்கிறீர்களே. உங்களுக்காகவும்தான்."

பூழன் கல்மதிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்துவனின் கையைப் பார்க்கவும் இல்லை. அப்படியே நின்றான். வெளியே வரிசை நின்றது.

"ராசா," என்றாள் கொற்றி கடைசியில், இருப்பதிலேயே தணிந்த குரலில். "வெற்றிலை முடிஞ்சிருக்கும். பின்னால பிள்ளைத்தாச்சி ஒருத்தி நிக்கா."

பூழன் பிள்ளையின் விரல்களை ஆரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிறகு, யோசனையில் இருந்தவன், குடை இன்னும் தரையில் கிடக்கிறது என்பதை மறந்து, வெளியே நடந்துவிட்டான்.

ஓரடி. இரண்டடி. ஐந்தடி. சித்திரை உச்சி வெயில் அவன் வெறுந்தலையில் முழுவதுமாக விழுந்தது.

தெருவில் முந்நூறு பேர் இருந்தார்கள். கொற்றி திரும்பி உப்பை அளக்கத் தொடங்கினாள். வெளிச்சி கூடையில் ஈ விரட்டினாள். சேந்தி குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்தாள். காந்தளன் இரண்டு மூட்டைகளோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அரசனின் வீரர்கள்கூட, ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, தங்கள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். அந்துவன் வானத்தைப் பார்த்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

பூழன் நின்றான். கையை மெல்ல உயர்த்தி உச்சந்தலையைத் தொட்டான்.

"சுடுகிறதே," என்றான், யாரிடமும் இல்லாமல்.

"ஆமாய்யா," என்றான் அந்துவன். "சித்திரையில் அப்படித்தான் சுடும்."

புதியவன் பதறியடித்துக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பூழன் அவனைப் பார்த்துக் கையமர்த்தினான். மெல்ல வா, அவசரமில்லை என்பதுபோல. பிறகு இருவரும், ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக அல்ல, பக்கத்தில் பக்கத்தில், தெருமுனை வரைக்கும் நடந்து போனார்கள்.